விமானத்துக்குள் ஒரு செப்புத் தரை

என் அத்தான் கட்டிக்கொண்டிருக்கும் விமானத்தை விரலை மடக்கித் தட்டினால், மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைத் தட்டியது போல் ஓசை வரும். முதன்முறை தட்டியபோது என் முகம் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். "என்னா, தொட்டி மாதிரி இருக்கா?" என்று அவரே கேட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தட்டுவார்களாம். தட்டியதும் எல்லோர் முகமும் அப்படித்தான் போகுமாம்.

அத்தான் என் அக்காவின் கணவர். தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஓட்டல்களின் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி, ஜாசினில். டவுனைத் தாண்டிச் செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில், முன்பு லோரி பட்டறையாக இருந்த கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, விடுமுறை நாள்களில் அங்கேதான் இருப்பார். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வந்தன. கண்ணாடி இழைத் துணியைப் பசையில் தோய்த்து அச்சில் வார்த்த உடல், அதே மாதிரி இறக்கைகள், பிறகு ஒரு சின்ன இஞ்சின். இரண்டு இருக்கைகள், பக்கத்துப் பக்கத்தில்.

நான் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் நிருபராகவும், பிறகு துணை ஆசிரியராகவும் இருந்தவள். இப்போது பாயா ரும்புட்டில் வீட்டிலிருந்தபடியே எழுதுகிறேன். அந்தக் கொட்டகைக்கு முதலில் ஒரு செய்திக்காகத்தான் போனேன். செய்தி எழுதவில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது, அதைக் கேட்க மறுபடி போனேன்.

அக்கா அங்கே போவதில்லை. "லிஃப்டுல மேலயும் கீழயும் போயிட்டிருந்த மனுஷனுக்கு இப்ப குறுக்கவும் போகணுமாம்லா" என்பாள், யாராவது விசாரித்தால். இரண்டாவது இருக்கை அவளுக்கானது என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு உயரத்தில் பயம் கிடையாது. அவள் பயம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் அத்தானுக்குச் சாவி கொடுக்கப் போனவள், அவர் அப்போது வேலை பார்த்த கட்டடத்தின் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். பொத்தானை அழுத்திப் பேசினாள். பொத்தானுக்கு மேலிருந்த ஒலிபெருக்கித் துளைகளில் வாயை வைத்துக் கத்தினாள். பதில் இல்லை. கதவைத் திறந்து விட்டவர் அத்தான்தான், அதுவும் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர். "நின்னது பரவால்ல. கூப்பிட்டேன், ஒருத்தன் என்னான்னு கேக்கல பாரு, அது எனக்கு இன்னும் ஆறல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். விமானத்தைப் பற்றி அவள் வைத்த நிபந்தனையும் அதிலிருந்து வந்ததுதான்.

"ரேடியோ ஒழுங்கா பேசட்டும், அப்பறம் பாக்கலாம். பேசாத காடில நான் ஏற மாட்டேன்."

அவளுக்கு விமானமும் ஒரு காடி, வண்டிதான். அந்த நிபந்தனையை நான் மறுப்பாக எடுத்துக்கொண்டேன். அத்தான் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அதனால் இஞ்சினைவிட ரேடியோவைப் பற்றித்தான் அவர் அதிகம் கவலைப்பட்டார்.

ரேடியோவுக்கு ஆண்டெனா வேண்டும். இந்த விமானத்தில் அது வயிற்றுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, இரண்டடிக்குச் சற்றுக் குறைவான நீளம். கம்பிதான் பேசுகிறது என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. கம்பியில் மின்சாரம் ஓடும்போது அதற்கு மறுபாதியாக ஓட ஓர் உலோகப் பரப்பு வேண்டும். அலுமினிய விமானத்தில் உடலே அந்தப் பரப்பு, அதைப் பற்றி யாரும் நினைப்பதுகூட இல்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ரேடியோ அலையைப் பொறுத்தவரை அந்த உடல் இல்லாத மாதிரிதான். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் போவது போலக் கடந்து போய்விடும்.

"அப்ப கம்பிய வெளிய எதுக்கு நீட்டணும்? உள்ளயே வைக்கலாமே?" என்று கேட்டேன்.

"வைக்கலாம். சில பேரு வால்ல வைக்கிறாங்க. ஆனா எங்க வச்சாலும் ரெண்டு பாதி வேணும்லா. ஒத்தக் கால்ல நிக்காது அது."

"கரி இழைல கட்டுறாங்களாமே, அதுல?"

"அது இன்னும் மோசம். அலைய உள்ளயே பிடிச்சு வச்சுக்கும். என் நல்ல நேரம், கண்ணாடி இழை வாங்குனேன்."

ஆக, உலோகம் இல்லாத விமானத்துக்குள் உலோகத்தில் ஒரு தரை போட வேண்டும். அவர் மெல்லிய செப்புத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டினார். ஒவ்வொரு பட்டையும் கம்பியின் நீளமே. விமானத்தின் வயிற்றுக்குள், கம்பி வெளியே இறங்கும் இடத்தைச் சுற்றி, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல அவற்றை விரித்து ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு வட்டத் தகடு, அதன் அடியில் எல்லாப் பட்டைகளின் நுனியும் வந்து சேரும். முழுத் தகடாகவே போட்டால் என்ன என்று கேட்டேன். எடை கூடும், பசை பிடிக்காது, பட்டைகளே போதும் என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது, இரண்டொன்றைத் தவிர. அவற்றுக்கு "மீட்டர வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்பார்.

ஒட்டுவதற்கு முன் பட்டைகளைக் கொட்டகையில் பார்த்தேன். குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தன.

"உங்க அக்கா வேலை" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் பெருமை தெரிந்தது. "வீட்ல வச்சிருந்தேன். கறுத்துப்போயிருந்துச்சு. வியாழக்கிழமை விளக்கு துலக்குறவ, இதையும் சேத்துத் துலக்கிட்டா. நான் கேக்கவே இல்ல."

அந்த விமானத்துக்காக அக்கா செய்த முதல் வேலை அது. அவ்வளவு பளபளப்பாக இருந்ததால் அத்தான் அவற்றை மறுபடி தேய்க்கவில்லை. அப்படியே ஒட்டினார். நடுவில் கையில் இருந்த அலுமினிய வட்டத்தை வைத்துத் திருகினார். மீட்டரைப் போட்டுப் பார்த்தார்.

மீட்டர் என்பது ஒரு சின்னப் பெட்டி. ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு போக வழியில்லாமல் திரும்பி வருகிறது என்று அது காட்டும். ஒன்று என்றால் எல்லாம் வெளியே போய்விட்டது. இரண்டு வரை தாங்கலாம். மூன்றைத் தாண்டினால் ரேடியோவுக்கே கேடு. அன்று முள் ஒன்றரைக்குக் கீழே நின்றது. அத்தான் மேலே இருக்கைகளின் அடிப்பலகையை வைத்துப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டினார். கேபிளைத் தொட மட்டும் கை நுழையும் ஓட்டை ஒன்று விட்டார்.

பிறகு மழைக்காலம் வந்து போனது. வண்ணம் பூசினார்கள், வயிற்றில் வெள்ளி நிறத்தில் ஒரு நீளக் கோடும் இழுத்தார்கள். பறக்க அனுமதி தரும் பரிசோதகர் வந்து பார்ப்பதற்குத் தயாராகும் நேரத்தில் அத்தான் மீட்டரை மறுபடி போட்டார். முள் மூன்றைத் தாண்டி நின்றது.

நான் அன்று அங்கே இருந்தேன். அவர் மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதே இடம். "உங்க அக்காட்ட இப்ப சொல்லாத" என்றார்.

அடுத்த வாரங்களில் நடந்தது எனக்குப் பிடித்தமான வேலை: ஒவ்வொரு சந்தேகமாக எடுத்து, அது இல்லை என்று உறுதி செய்வது. கேபிளை மாற்றினார். முள் அசையவில்லை. இணைப்பு முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டார். அசையவில்லை. வேறு ரேடியோ கடன் வாங்கி வந்தார். அதிலும் அப்படியே.

அப்போது சந்தேகம் வயிற்றில் ஓடிய வெள்ளிக் கோட்டின் மேல் விழுந்தது. அதைப் பூசியவர் அத்தானின் நண்பர். தஞ்சோங் கிளிங்கில் மீன்பிடிப் படகுகளுக்குக் கண்ணாடி இழை வேலை செய்யும் பட்டறைக்காரர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். விமானத்தை அவர் ஒருநாளும் விமானம் என்று சொன்னதில்லை. "அண்ணே, உங்க போட்டுக்குக் கடல் எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

"பாய், உங்க வெள்ளில அலுமினியப் பொடி இருக்கா?"

"இல்லாம? பொடி இல்லாம எப்படி மின்னும்?"

"அதான் அலையத் தடுக்குது."

"என் பெயிண்டா? எத்தன போட்டுக்குப் பூசிருக்கேன், எல்லாம் ரேடியோ பேசுது."

"போட்டுக்கு ஆண்டெனா மேல இருக்குலா."

பாய் தன் கையாலேயே கோட்டைச் சுரண்டி எடுத்தார். பாதி நாள் ஆனது. மீட்டரைப் போட்டார்கள். முள் அதே இடத்தில் நின்றது. "எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா" என்றார் பாய், சுரண்டிய இடத்தைத் தடவிக்கொண்டு.

இனி மிச்சம் இருந்தது பலகைக்கு அடியில் இருந்ததுதான். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒட்டிய பலகையை அறுக்க வேண்டும். பாய் வேறு வழி சொல்லிப் பார்த்தார். "கைல வச்சுப் பேசுற ரேடியோ ஒண்ணு வாங்கிக்கங்களேன். பரிசோதகர் கேட்டா அதக் காட்டலாம்."

"பரிசோதகர் ஒத்துக்குவாரான்னு எனக்குத் தெரியாது. அவ ஒத்துக்க மாட்டா" என்றார் அத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையை அறுத்தார்கள். அறுத்தவர் பாய். அத்தான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு கையோடு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். பட்டைகள் நடுவில் வந்து சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. அலுமினிய வட்டத்தின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி, கோலமாவு சிந்தியது போல. அத்தான் விரலால் அசைத்ததும் ஒரு பட்டை கழன்று வந்தது. அது எதையும் தொட்டுக்கொண்டிருக்கவே இல்லை.

"உப்புக் காத்து அண்ணே" என்றார் பாய் உடனே.

"ஜாசின்ல எங்க பாய் உப்புக் காத்து?"

"நான் வர்றேன்ல தஞ்சோங் கிளிங்லேருந்து. என் சட்டைல வந்திருக்கும்."

இது நடந்துகொண்டிருக்கும்போது அக்கா வந்து நின்றாள். பசியாறக்கூட வீட்டுக்கு வராத மனிதரைத் தேடி அடுக்குப் பாத்திரத்தோடு வந்திருந்தாள். அறுத்துக் கிடந்த பலகையைப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கழன்ற பட்டையை எடுத்து, பச்சையைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"இது புளி" என்றாள்.

அத்தான் டார்ச்சை அவள் கட்டைவிரலின் மேல் திருப்பினார்.

"புளியும் உப்பும். சரியா அலசாத சொம்புல இப்படித்தான் பூக்கும். அன்னிக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. விளக்கெல்லாம் நல்லா அலசுனேன். இது மெலிசா இருக்கே, வளைஞ்சிரப்போவுதுன்னு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கித் துணியால தொடச்சேன்." பட்டையைக் கீழே வைத்தாள். "ரேடியோ பேசலையா?"

"பேசல" என்றார் அத்தான். பிறகு சிரித்தார்.

கேலிச் சிரிப்பு இல்லை அது. லிஃப்ட் வேலைக்காரருக்குப் பயம் தருவது பெரிய பழுது அல்ல, காரணம் தெரியாத பழுது. இன்று தானாகச் சரியாகி, ஆள்கள் உள்ளே இருக்கும்போது திரும்பி வரும் பழுது. பல வாரங்களாக அவர் தேடிய காரணம் ஒரு சொல்லில் கிடைத்துவிட்டது, அந்த நிம்மதிதான் சிரிப்பாக வந்தது. எனக்கு அது புரிந்தது. அக்காவுக்குப் புரிய வேண்டும் என்று அந்த நேரத்தில் எதிர்பார்க்க முடியாது.

"நான் இங்க வயிறு எரிஞ்சு நிக்கிறேன், ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"இல்லடி, காரணம் கெடச்சிருச்சு..."

"கெடச்சிருச்சு. நாந்தான் காரணம். இத்தன வருஷத்துல நான் தொட்ட ஒரே சாமான், அதையும் கெடுத்துட்டேன். இனிமே இதுல ஏறுன்னு என்னைக் கேக்காதீங்க."

அவள் போய்விட்டாள். பாய் தன் கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்திருந்த கருவிகள்.

அத்தான் அலுமினிய வட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உப்பு மட்டும் இருந்தா இவ்ளோ சீக்கிரம் போகாது. செப்பும் அலுமினியமும் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கணும், நடுவுல ஈரமும் உப்பும் வேணும். அப்பத்தான் அரிக்கும். உப்பு அவ வச்சா. அலுமினியம் வச்சது நான். கைல இருந்துச்சேன்னு வச்சேன்."

"இத அக்காட்ட சொல்லுங்க."

"சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பா."

அவர் சொன்னது சரி. ஒரு தரப்பு சொல்வதை அப்படியே போடக் கூடாது என்பது என் பழைய தொழிலின் பழக்கம். மிஞ்சிய செப்புத் துண்டுகள் இரண்டையும், அந்த அலுமினிய வட்டத்தில் ஒரு சில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு பாயா ரும்புட்டுக்குத் திரும்பினேன். இரண்டு செப்புத் துண்டுகளையும் புளியும் உப்பும் போட்டுத் துலக்கினேன். அலசாமல் துடைத்தேன். ஒன்றை அப்படியே ஈரத் துணியில் சுற்றினேன். இன்னொன்றை அலுமினியச் சில்லோடு நூல் போட்டு இறுகக் கட்டி, அதையும் ஈரத் துணியில் சுற்றினேன். சமையலறை ஜன்னலில் இரண்டையும் வைத்து, துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். தினமும் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் சிரமமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்துத் துணிகளைப் பிரித்தபோது தனியாக இருந்த துண்டில் பச்சை இருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்தது, அடியில் செம்பு கெட்டியாக இருந்தது. கட்டி வைத்திருந்ததில் நூலை அறுத்ததும் வெள்ளைப் பொடி கொட்டியது. அலுமினியத்தின் முகம் அம்மை விழுந்தது போலக் குழி குழியாக இருந்தது. செம்புக்கும் அதற்கும் நடுவில் பொடிதான் நின்றது.

இரண்டையும் ஒரு தட்டில் வைத்து ஜாசினுக்கு எடுத்துப்போனேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எது எப்படி என்று சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாசாரில் மீன் செவுளைப் பார்ப்பது போல.

"ரெண்டும் நீயே துலக்குனதா?"

"நானேதான்."

"அலசல?"

"ஒன்ன மாதிரியே. தொடச்சேன், அவ்ளோதான்."

"அப்ப இது, தனியா இருந்தது, பொழச்சுக்கிருச்சு."

"ஆமா."

"அப்ப பாதி அந்த ஆளு" என்றாள். இரண்டு துண்டுகளையும் தட்டில் திருப்பி வைத்தாள். "இத ஏன் அவரு சொல்லல?"

"சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நீ நெனைப்பியாம்."

"நெனச்சிருப்பேன்தான்" என்றாள். மறுபடி கத்தியை எடுத்தாள். ஆனால் தட்டை நான் எடுத்துப்போக விடவில்லை. மாலையில் அத்தான் வந்ததும் அது அவர் முன்னால் வைக்கப்பட்டது என்றும், அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாவது தரை வேறு விதமாகப் போடப்பட்டது. நடு வட்டமும் செம்பு. பட்டைகளை வட்டத்தோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கையுறை போட்டுத்தான் தொட்டார். பாய் பலகையைத் திருப்பி ஒட்டினார். இந்த முறை வட்டத்துக்கு மேலே திருகு போட்டுத் திறக்கும் மூடி ஒன்று வைத்தார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. சோதனை நாளன்று அவளாகவே என் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

செப்புத் தரை இருக்கைகளுக்கு நேர் அடியில் இருக்கிறது. மனித உடலில் தண்ணீரும் உப்பும் இருப்பதால் பக்கத்தில் ஆள் இருந்தால் அலை கொஞ்சம் மாறலாம், ஆகவே இரண்டு பேரும் உட்கார்ந்து, தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை மூடி, பறக்கும்போது இருக்கிற மாதிரியே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் அத்தான். இரண்டாவது இருக்கையில் முதலில் பாய் உட்காரப் பார்த்தார். மூடி அவர் தோளில் இடித்தது. "உங்க போட்டுல பயணிக்கு எடமே இல்ல அண்ணே" என்று இறங்கினார். நான் ஏறினேன். அத்தான் என் பக்கத்தில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா இறக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ எறங்கு" என்றாள் என்னிடம்.

"சோதனைக்குத்தான்க்கா. பறக்கல."

"தெரியுது. எறங்கு. ஒன் ஒடம்பு வேற, என் ஒடம்பு வேற. நாளைக்கு உக்காரப் போறது யாரு?"

இறங்கினேன். ஏற எங்கே கால் வைப்பது என்று அத்தான் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்து ஏறினாள். மூடி மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாக அவர்கள் பேசுவது கேட்கவில்லை. அத்தான் கையைக் காட்டி ஒரு பொத்தானை அவளுக்கு விளக்குவது தெரிந்தது. அவள் அழுத்தினாள். அத்தான் மீட்டரைப் பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள். முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் அவர் தலை நிமிர்வதற்கு முன்பே அவள் நிமிர்ந்துவிட்டாள்.

மூடி திறந்தது. "ஒண்ணரைக்கும் கம்மி" என்று அத்தான் எங்களிடம் சொன்னார். பாய் கை தட்டினார்.

பரிசோதகர் இன்னும் வரவில்லை. அவர் வந்து, அனுமதி கிடைத்து, விமானத்தை லோரியில் ஏற்றி ஓடுபாதை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், அத்தான் முதலில் தனியாகப் பறந்து பார்த்த பிறகுதான் இரண்டாவது ஆள் ஏறலாம். அது எப்போது என்று அவராலும் சொல்ல முடியாது.

அன்று சோதனை முடிந்த பிறகும் அக்கா இறங்கவில்லை. முதுகை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"இந்த சீட்டு ரொம்பச் சாஞ்சிருக்கு. இடுப்பு என்னாத்துக்கு ஆகும்? ஒரு தலகாணி தச்சு எடுத்தாரேன்."

"எடுத்துட்டு வா."

"ஒறைல ஜிப் வைப்பேன். இரும்பு ஜிப் வச்சா கெட்டுருமா, பிளாஸ்டிக் வைக்கணுமா?"

அத்தான் கழற்றப் போன மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, பாயின் கைப்பையைச் சுட்டிக் காட்டினார்.

"பாய், அதுல இருக்கிறது இரும்பு ஜிப்தான? இங்க கொடுங்க. வச்சுப் பாத்துருவோம்."